அட்டிகைக் காவல்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று காலை மங்கையின் கெம்பு அட்டிகையிலிருந்து சில கற்கள் தாமாகவே கழன்றுவிட்டன.

தாமாகவே என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்தது சுத்தம் மட்டும்தான். எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அட்டிகையில் அழுக்கு ஏறிக் கிடந்தது. மங்கைக்குத் தெரியாமல் பளபளவென்று ஆக்கி நீட்டினால் அசந்து போவாள் என்று நினைத்தேன். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நகை கழுவுவது எல்லா வீட்டிலும் நடப்பது. அதைக் கொதிக்க வைத்துவிட்டால் இன்னும் நன்றாக அழுக்கு போகும் என்பது மட்டும் என் யோசனை. அழுக்கு போனது. கூடவே உள்ளே இருந்த அரக்கும் உருகிப் போனது. பால் பாத்திரத்தின் அடியில் சிவப்பாக ஏதோ பிசுபிசுக்க, கற்கள் பட்டாணி போல் உருண்டுகொண்டிருந்தன. வடிகட்டியால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒரு கல்கூடத் தொலையவில்லை. இதை யாரும் பாராட்டவில்லை.

மங்கை பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அட்டிகை அவள் அம்மா கொடுத்தது. கல்யாணத்தன்று அதைப் போட்டுக்கொண்டுதான் என் பக்கத்தில் மணையில் உட்கார்ந்தாள்.

"இந்த அட்டிகை சரியானாத்தான் அறுபதாங் கல்யாணம். இல்லேன்னா மணையில நீங்க தனியா உக்காந்துக்குங்க."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பாடு போடும்போதும் அதையே சொன்னாள்.

ஒரு விஷயத்தை இங்கே பதிந்து வைக்கிறேன். கூட்டுறவுத் தணிக்கையில் முப்பத்தைந்து வருடம் இருந்து மே மாதம் ஓய்வு பெற்றேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா வயதைக் கூட்டிச் சொன்னதால் அரசாங்கத்துக்கு எனக்கு மே மாதமே அறுபது முடிந்துவிட்டது. உண்மையில் ஆவணியில்தான் முடிகிறது. எனவே இந்தக் கல்யாணத்துக்காக நான் வீட்டில் சும்மா உட்கார்ந்து காத்திருக்கிறேன். சும்மா என்றால் சும்மா இல்லை. அடுக்களை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். மாடிப்படி பெருக்கும் நேரத்தை மாற்றி அமைத்திருக்கிறேன். மனதுக்குள் ஒரே ஆசைதான். பழைய அலுவலக ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, மங்கை மறுபடியும் என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உறையூரிலிருந்து பஸ் பிடித்துப் பெரிய கடை வீதிக்குப் போனோம். ஒரு சந்துக்குள் மாடியில் கல் பதிக்கிற கடை. பத்தர் யாராவது வயதானவராக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். ஏசி அறையில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனை இடுக்கி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். பெயர் தேன்மொழி.

டிபன் பாக்ஸ் மூடியில் கொண்டு போன கற்களையும் அட்டிகையையும் பார்த்தவுடனே போனை வைத்துவிட்டாள்.

"யாரு இதை வேக வச்சது?"

மங்கை என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். நல்ல முருகன் படம்.

"அரக்குல கட்டின கல்லு இது. வெந்நீரே ஆகாது. அடியில வச்ச தகடெல்லாம் கறுத்துப் போச்சு பாருங்கக்கா. அந்தத் தகடு மின்னினாத்தான் மேல கல்லு செவக்கும். எல்லாத்தையும் பிரிச்சுத்தான் கட்டணும்."

பத்தே நிமிடத்தில் இருவரும் அக்கா, தேனு என்று ஆகிவிட்டார்கள். பிறகு மங்கை ஒன்று சொன்னாள்.

"எங்க வீட்டுல கல் நகையைக் குடுத்துட்டுத் திரும்பி வர்ற வழக்கமே இல்ல தேனு. எங்க பெரியப்பா தூக்குச் சட்டியில சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போயி, வேலை முடியற வரைக்கும் பத்தர் எதிர்ல உக்காந்திருப்பாரு. இவரும் தினம் வந்து உக்காரட்டும்."

தேன்மொழிக்கு முகம் சுருங்கும் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். "உக்காரட்டுங்கக்கா. எல்லாரும் செய்யறதுதானே. ஆனா பேசக் கூடாது சார்."

கிளம்பும்போது மங்கை அவளைத் தனியே அழைத்து ஏதோ சொன்னாள். அட்டிகையைப் பற்றித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

காவல் தொடங்கியது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தேன்மொழி ஒரு ஊசியால் பழைய அரக்கைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறாள். அவ்வளவுதான் காலை முழுவதும்.

ஒரு கேள்விதான் கேட்டேன். சுரண்டும்போது அரக்கோடு தங்கமும் வராதா என்று. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "சார், பேப்பர் படிங்க," என்றாள். படித்தேன். பேப்பரில் இரண்டு பிழைகள். அவளிடம் காட்டினேன். அவள் மறுபடியும் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றும் உட்கார்ந்தேன். முன்னேற்றம் குறைவு.

ஆகஸ்ட் 9, சனி

கல் பதிப்பது எப்படி என்று இன்று முழுதாகப் பார்த்தேன். குழிக்குள் புது அரக்கு, அதன் மேல் மினுங்கும் தகடு, அதன் மேல் கல், பிறகு சுற்றியிருக்கிற தங்க விளிம்பைத் தள்ளித் தள்ளிக் கல்லின் ஓரத்தில் படிய வைக்கிறாள். ஒரு கல் பதித்தாள். பிறகு அட்டிகையை ஓரமாக வைத்துவிட்டு வேறு நகையை எடுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், "அரக்கு ஆறணும் சார்," என்கிறாள். ஒரு கல்லுக்கு ஒரு நாள் ஆறுகிற அரக்கு பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தொழில் அவளுடையது.

மத்தியானம் நாட்டியப் பள்ளி நடத்தும் ரேவா டீச்சர் என்பவர் ஒரு நெற்றிச்சுட்டியோடு வந்தார். மாணவியின் அரங்கேற்றமாம். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நினைத்து வந்தவர்தான். என்னைப் பார்த்தார். என் கண்ணாடியையும், சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாக்களையும் பார்த்தார்.

"சார் எப்படியும் இங்கதான் இருப்பீங்களா? எனக்குக் கிளாஸ் இருக்கு. இதையும் ஒரு கண்ணு பாத்துக்குங்களேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லும்போதே முதுகு தானாக நிமிர்ந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

நெற்றிச்சுட்டி ஒன்று, ராக்கொடி ஒன்று, தில்லைநகர் டாக்டரம்மாவின் வளையல், பெயர் தெரியாத ஒருவரின் மாங்காய் மாலை. எல்லாம் என் பார்வையில் இருக்கின்றன. யாரும் உட்காருவதில்லை. "சார் இருக்காரா? அப்ப சரி," என்று கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாற்காலிக்கு இன்று தேன்மொழி ஒரு திண்டு போட்டிருக்கிறாள்.

அட்டிகையில் நான்காவது கல் ஆறிக்கொண்டிருக்கிறது. மங்கை நிதானமாகச் செய்யச் சொன்னாளாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். கடை விடுமுறை. வீட்டில் இருந்தேன்.

காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்து, எது முதலில் வாங்கியதோ அது முதலில் செலவாகும்படி காய்கறிகளுக்குத் தேதிச் சீட்டு ஒட்டினேன். மங்கை கத்திரிக்காயிலிருந்து சீட்டை மெதுவாக உரித்தாள். பதினொரு மணிக்குத் தேன்மொழிக்குப் போன் செய்து, "நாளைக்குக் கடை உண்டுல்ல? கண்டிப்பா உண்டுல்ல?" என்று கேட்டாள். அட்டிகை மேல் அவளுக்கு எவ்வளவு அக்கறை!

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று பகலில் சந்து முழுவதும் கரண்ட் போய்விட்டது. சாயந்திரம் வரை வராது என்றார்கள். வீட்டுக்குக் கிளம்பி வந்தேன்.

கேட்டைத் திறக்கக் கை வைத்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டுக் கோமளாவும் மாடியில் குடியிருக்கிற பெண்ணும் வந்திருந்தார்கள். அவர்கள் சிரிப்பு எனக்குத் தெரியும். அவற்றுக்கு மேலே இன்னொரு சிரிப்பு கேட்டது. மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடியும் தொடங்குகிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் மங்கை அப்படித்தான் சிரிப்பாள். நான் ஓய்வு பெற்று வந்த பிறகு அதை ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் உள்ளே போயிருந்தால் அது நின்றிருக்கும். அது எனக்குத் தெரிந்தது. கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்த வழியே திரும்பினேன். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். வாழைக்காய் வறுவல் வைத்திருந்தாள். எனக்குப் பிடித்தது. இறங்கவில்லை.

வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டாள். நன்றாகப் போகிறது என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

நன்றாக யோசித்துவிட்டேன். மங்கைக்கு இந்தக் கல்யாணத்தில் மனம் இல்லை. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவரிடம் வேண்டாம் என்று முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வாள்? அதனால்தான் அட்டிகையின் மேல் பழியைப் போட்டாள். அட்டிகை சரியானால்தான் என்று அவள் சொன்னதற்கு, சரியாகாமல் இருந்தால் நல்லது என்றுதான் அர்த்தம். எனக்கு இப்போதுதான் புரிகிறது.

நான் இல்லாத வீட்டில் அவள் சிரிக்கிறாள். அப்படியென்றால் அவள் வாயால் வேண்டாம் என்று சொல்ல வைக்காமல், நானே வழி செய்து கொடுப்பதுதான் மரியாதை. கல்யாணத் தேதியான செப்டம்பர் நாலு தாண்டும் வரை அட்டிகை முடியக் கூடாது.

பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டேன். அது பரவாயில்லை. அவள் பக்கத்தில் உட்காரப் போவதில்லை என்பதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் தேன்மொழி, "சார், ஆவணி பொறந்தாச்சு, இன்னைக்கு முடிச்சுக் குடுத்துடறேன்," என்றாள். மீதிக் கற்கள் அத்தனையும் ஒரே மத்தியானத்தில் ஏறிவிட்டன. இப்போது மட்டும் அரக்கு எப்படி உடனே ஆறியது என்று தெரியவில்லை.

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். குறை எதுவும் இல்லை. நடுக் கல் லேசாக இடது பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொன்னேன்.

"சாயலை சார்."

"சாய்ந்திருக்கிறதம்மா."

அவள் முகம் அட்டிகையைவிடச் சிவந்தது. "என் வேலையில இதுவரைக்கும் ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்ல," என்று சொல்லிக்கொண்டே விளிம்பைப் பிரித்தாள்.

ஆகஸ்ட் 23, சனி

கோயம்புத்தூரிலிருந்து மகள் யாழினி போன் செய்தாள். சமையலுக்கு ஆள் சொல்லியாச்சாம், மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டாராம். "அப்பா, பட்டு வேட்டி பெரிய கரையா, சின்னக் கரையா?" பார்க்கலாம் என்றேன். "என்னப்பா பார்க்கலாம்? இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல!" லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மங்கை கேட்டாள், "முடிஞ்சுதாங்க அட்டிகை?"

"இன்னும் இல்லை."

பெருமூச்சு விட்டாள். நிம்மதிப் பெருமூச்சு. நான் நினைத்தது சரிதான்.

அலமாரியிலிருந்து அரக்கு நிறக் கூறைப்புடவையை எடுத்து வெயிலில் போட்டிருந்தாள். பூச்சி அரித்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கும். அதற்குப் புது ரவிக்கை தைக்கக் கொடுத்திருப்பது ஏன் என்று தெரியவில்லை. வேறு யாராவது வீட்டுக் கல்யாணம் இருக்கலாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று ஓரக் கல்லின் சிவப்பு மற்றவற்றோடு ஒத்துப் போகவில்லை என்றேன். தேன்மொழி அதைக் கழற்றி, தகடு மாற்றி, மறுபடி பதித்தாள்.

"இந்தக் கல்லுக்கு இதோட மூணாவது கல்யாணம் சார். உங்க ரெண்டாவது கல்யாணம் எப்ப நடக்கும்னு எனக்குத் தெரியணும்."

நெற்றிச்சுட்டியைப் பார்க்க வந்திருந்த ரேவா டீச்சர் சிரித்தார். நான் அந்தச் சுட்டியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. மங்கை அதிகம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிள்ளையாரிடம் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று பொதுவாக வேண்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

விளிம்பு கூராக இருக்கிறது, கழுத்தைக் கீறும் என்றேன். தேன்மொழி தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை பார்த்துக் காட்டினாள். கீறவில்லை. பின்பக்கக் கொக்கியைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

செப்டம்பர் 1, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பகல் பன்னிரண்டு மணி. நான் கொக்கி தளர்வாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரேவா டீச்சரும் டாக்டரம்மாவும் தங்கள் நகைகளைத் திரும்ப வாங்க வந்திருந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு மங்கை வந்தாள். மாடிப்படி ஏறிய வேகத்தில் மூச்சு வாங்கியது.

"ஏன் தேனு, நாலாந்தேதி விசேஷத்த வச்சுக்கிட்டு இப்படி இழுக்கலாமா? ராத்திரியெல்லாம் தூக்கம் வரல எனக்கு. முடியுமா, முடியாதா?"

தேன்மொழி கல் பிடிக்கிற சாமண இடுக்கியை மேசை மேல் போட்டாள்.

"அக்கா, நான் முடிச்சுப் பத்து நாளாச்சு. சார்தான் விட மாட்டேங்குறாரு. கல்லு சாயுதுங்குறாரு, செவப்பு பத்தலைங்குறாரு, இப்பக் கொக்கிக்கு வந்திருக்காரு. இது ரெண்டு நாள் வேலை! மொதல்ல ஆவணி வரைக்கும் நீங்க இழுக்கச் சொன்னீங்க, அப்புறம் சார் இழுக்குறாரு. நடுவுல என் பேரு கெட்டுப் போகுது."

மங்கை என் திண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு இஷ்டம் இல்லையாங்க?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "என்னை மறுபடியும் கட்டிக்க இஷ்டம் இல்லேன்னா வீட்டுலயே சொல்லியிருக்கலாமே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கா? உனக்குத்தானே இஷ்டம் இல்லை!"

"யாரு சொன்னா?"

நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். வாய் கேட்கவில்லை. "நீ சிரிச்சே. அன்னைக்குக் கரண்ட் போச்சுன்னு மத்தியானமே வந்தேன். வாசல்ல நின்னு கேட்டேன். நான் வீட்டுல இருக்கிறப்ப நீ அப்படிச் சிரிக்கிறதே இல்ல, மங்கை. நான் இல்லாமத்தான் நீ சந்தோஷமா இருக்கே. அதனாலதான்..."

மங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. உதடு மட்டும் துடித்தது. அழப் போகிறாள் என்று பயந்துவிட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு என்ன கதை சொன்னேன் தெரியுமா? பால்ல தண்ணி ஏன் கலந்தீங்கன்னு பால்காரர்கிட்ட எழுத்து மூலமா விளக்கம் கேட்டீங்களே, அத. அந்த மனுசன் பயந்து போயி மறுநாள் அவரு பொண்டாட்டிய அனுப்பி வச்சாரே, அத. கோமளாவுக்குப் புரையேறிடுச்சு. உங்கள எதிர்ல வச்சுக்கிட்டு எப்படிங்க அதச் சொல்லிச் சிரிக்கிறது?"

"என்னைப் பத்தியா சிரிச்சீங்க?"

"வேற யாரப் பத்தி? பேசறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா?"

டாக்டரம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப என்னை இங்க உக்காரச் சொன்னது? ஆவணி வரைக்கும் இழுக்கச் சொன்னது?"

மங்கை தலை குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். "ஆமா, சொன்னேன். இத்தன வருசமா பகல்ல அந்த வீடு எனக்கு மட்டும் இருந்துச்சு. அடுக்களைக்குப் போனா உளுந்து எங்க இருக்குன்னு இப்ப உங்களக் கேக்க வேண்டியிருக்கு. பகல்ல எனக்கு வீடு வேணுங்க. சாயந்திரம் எனக்கு நீங்க வேணும். ரெண்டையும் கேக்குறது தப்பா?"

தப்பில்லை என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"மணையில உக்காருவியா?" என்று கேட்டேன். அறுபது வயதில் கேட்கிற கேள்விதான். ஆனால் முதல் கல்யாணத்தில் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். நான் கேட்கவே இல்லை.

"ஊரையெல்லாம் கூப்பிட்டுட்டு இப்பத்தான் கேக்குறாரு பாரு," என்று மங்கை தேன்மொழியைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, உக்கார்றேன்னு சொல்லிடுங்கக்கா. எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு."

"உக்கார்றேன்," என்றாள் மங்கை.

ரேவா டீச்சர் கை தட்டினார். தேன்மொழி அட்டிகையை மங்கையின் கழுத்தில் மாட்டிக் கொக்கியைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னாள். உறுதியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

நடந்தது. தாலி கட்டும்போது அலுவலக ஆட்கள் விசில் அடித்தார்கள். கெம்பு அத்தனையும் விளக்கு வெளிச்சத்தில் சிவந்தது. பக்கத்தில் மங்கை இருந்தாள். மற்றதெல்லாம் போட்டோவில் வரும்.

செப்டம்பர் 6, சனி

யாழினியும் மாப்பிள்ளையும் காலை ரயிலுக்குக் கிளம்பினார்கள். வீடு அமைதியானது. மங்கை டப்பாக்களைத் தன் இஷ்டப்படி மாற்றிக்கொண்டிருந்தாள். உளுந்து முன்னால் வந்துவிட்டது. நான் ஹாலில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், பேப்பர் படித்தேன். மிகவும் சிரமமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸைக் கொண்டு வந்து மேசை மேல் வைத்தாள்.

"தேனு போன் பண்ணுச்சு. மணப்பாறையிலேருந்து யாரோ ஒட்டியாணம் கொண்டாந்திருக்காங்களாம். பக்கத்துல உக்கார ஆளில்லாம யோசிக்கிறாங்களாம்."

சட்டையை மாட்டிக்கொண்டேன். இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டேன். செருப்புப் போட்டுக்கொண்டு, ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்றேன்.

"அஞ்சரைக்கே வந்துடுங்க," என்றாள்.